பீட்டரின் ஹொப்ஸ் கொடி

பக்கத்து வீட்டு பீட்டர் தன் மகளின் கலியாணத்துக்குத் தானே பியர் காய்ச்ச விரும்பினார். தன் பூவால் பியருக்குக் கசப்புக் கொடுக்கும் ஹொப்ஸ் கொடிக்கு அவருடைய வளவில் வெயில் போதாது. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் என் பாவற்காய்ப் பந்தலைக் கண்டுவிட்டு, ஒரு கன்றை என்னிடம் தந்தார். பாவலோடு சேர்த்து அதையும் வளர்த்தேன். பூக்கள் குலைகுலையாகத் தொங்கின.

ஓகஸ்டில் எங்கள் வீட்டில் பூசை வைத்தோம்.

"ஐயர் வாறார். பியருக்குப் பந்தல் போட்டு வைச்சிருக்கிறியள். சனம் என்ன கதைக்கும்?" என்றாள் மனைவி.

நான் கூச்சக்காரன். யாராவது கேட்டால் பதில் சொல்ல வராது. கத்தியை எடுத்துக் கொடியை அடியோடு வெட்டி எறிந்தேன். ஐயர் பின்வளவை எட்டியும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பீட்டர் பூப் பறிக்கக் கூடையோடு வந்தார். நோய் வந்து பட்டுப்போய்விட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வாடியது.

"உங்கள் பாவலுக்கும் தொற்றியிருக்குமோ?" என்று கேட்டபடி குனிந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். கத்தி வெட்டிய அடித்தண்டு அவர் காலடியில் இருந்தது. அதைக் கண்டார். கூடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்கள் கொடிக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வெறுங்கூடையோடு போனார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஆங்கிலம் போதாது என்று இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்ல அது போதுமாகத்தான் இருந்தது.