தண்ணீரூற்றின் பச்சைப் புள்ளி

தேநீரை வாய்வரை கொண்டுபோவாள்; திரையைப் பார்ப்பாள்; குடிக்காமலே கீழே வைப்பாள். ஆறிய பிறகு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்பாள். திரையில் பளை, வட்டக்கச்சி, தண்ணீரூற்று என்று மூன்று புள்ளிகள். மூன்றும் பச்சையாக இருக்கும்வரைதான் சிவரூபிக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

கிளிநொச்சியில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தையும் அதன் மூன்று கிளைகளையும் வலையமைப்பில் இணைத்து வைத்திருப்பது அவள் வேலை. கிளைக்கொரு இணையப் பெட்டி, மூன்றும் வந்து சேர அவளுடைய மேசைக்கடியில் ஒன்று. பெட்டிக்குள் பைபர் ஒரு வழி, சிம் இன்னொரு வழி. ஒன்று அறுந்தால் பெட்டி தானாகவே மற்றதற்கு மாறிவிடும். இணைப்பில் நெரிசல் வந்தால் எது முந்த வேண்டும் என்பதையும் இருந்த இடத்திலிருந்தே எழுதிவிடுவாள். “ஈசிஜி முன்னுக்குப் போகட்டும், முதலாளியின்ர கமரா பின்னால வரட்டும்” என்பாள், முதலாளி பக்கத்தில் நின்றாலும். கரண்ட் போனாலும் தாங்கப் பற்றரி வைத்திருக்கிறாள். இடி கேட்டதும் பற்றரியிலிருந்தே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கும் கைகளுக்குத்தான் அவளிடம் மாற்றுவழி இல்லை. முதல் முழக்கத்துக்கே வீட்டுப் பிளக்கெல்லாம் நிலத்தில் கிடக்கும் ஊர் இது. மேகம் கறுத்தால் கிளை கிளையாகத் தொலைபேசி எடுத்து, “கை வைக்காதேங்கோ” என்று கெஞ்சுவாள்.

நேற்றுப் பின்னேரம் அப்படிக் கெஞ்ச நேரம் கிடைக்கவில்லை. குகதாசன் என்றொருவர் வயலிலிருந்து நெஞ்சைப் பொத்திக்கொண்டு தண்ணீரூற்றுக் கிளைக்கு வந்தார். அங்கே டொக்டர் இல்லை. ஈசிஜி கிளிநொச்சிக்கு வர, அடுத்த அறையிலிருக்கும் டொக்டர் பரமேஸ்வரன் பார்த்துச் சொல்ல வேண்டும். வீதி வெட்டிய இயந்திரம் காலையிலேயே பைபரை அறுத்திருந்தாலும், சிம் வழியாக நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பாதியில் புள்ளி சிவந்தது.

கிளையில் வேலைசெய்யும் அமராவதியை அழைத்தாள்.

“அக்கா, பெட்டியைக் கழட்டினீங்களோ?”

“ஓம் தங்கச்சி. இடி முழங்குதெல்லோ.”

“ஐயோ, அந்த மனுசன்ர ஈசிஜி பாதியில நிக்குது. பிளக்கைக் கெதியாத் திருப்பிக் கொழுவுங்கோ!”

அமராவதியின் தம்பி இடி விழுந்து இறந்தவன். அது தெரிந்தும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சிவரூபிக்கு அழுகை முட்டியது.

“பிளக்கைத் தொடப் பயமாக்கிடக்கு தங்கச்சி.”

“நான் லைனிலதான் நிக்கிறன் அக்கா. செருப்பைப் போட்டுக்கொண்டு கொழுவுங்கோ.”

பெட்டி எழும்ப இரண்டு நிமிடம். சிவரூபி நகத்தைக் கடித்தாள், பேனா மூடியைக் கடித்தாள். புள்ளி பச்சையானது.

“ஹார்ட் அட்டாக்தான்!” அடுத்த அறையிலிருந்து டொக்டரின் குரல் வந்தது. “அம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. அது போய்ச் சேருமட்டும் ஈசிஜி ஓடட்டும். ஒருதரும் ஒண்டையும் கழட்டக்கூடாது!”

அப்போதுதான் கிளிநொச்சிக்கு மேலேயே இடித்தது. யன்னல் அதிர்ந்தது. சிவரூபியின் வலக்கை, அவளைக் கேளாமலே, மேசைக்கடியில் இருந்த பெட்டியின் பிளக்கைப் பிடித்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.