நோட்டட் என்றால் வெட்டலாமா?

மதியத்திலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. காரணம் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்.

எங்கள் பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுப்பவர்களுடன் பேசி வேலையை நகர்த்துபவள். சாயம் போட்டு வந்த நீலத் துணி, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கேட்டதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. ஒரு துண்டை அனுப்பி, "இதையே வெட்டலாமா?" என்று மெயிலில் கேட்டிருந்தேன்.

இன்று காலையில் பதில் வந்தது: நோட்டட் (Noted).

அதே துணியின் இன்னொரு துண்டில் என் கையெழுத்து இல்லாமல் கட்டிங் மாஸ்டர் கத்தி வைக்க மாட்டார். "ஏனுங்க அம்மிணி, பையர் சரின்னுட்டாருங்களா?" என்றார்.

எங்கள் முதலாளி எதற்கு நோட்டட் போட்டாலும் சரி என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மதியம் பக்கத்து சீட் அக்கா மெயிலை எட்டிப் பார்த்தார். "இதுல அப்ரூவ்டு எங்க கண்ணு?"

மெயிலை மறுபடி படித்தேன். இலக்கணப்படி இரண்டுமே முடிந்த வேலையைச் சொல்லும் வினைகள்தான். ஆனால் நோட்டட் என்றால் அவர் பார்த்துவிட்டார், அவ்வளவே. அப்ரூவ்டு என்றால்தான் நாம் செய்யலாம்.

கீழே கட்டிங் பிரிவுக்கு ஓடினேன். மேசை முழுக்க வெட்டிய பனியன் கையும் கழுத்துமாகத் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"முடிஞ்சுதுங்க அம்மிணி" என்று மாஸ்டர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"துணியை வெட்டிவிட்டோம். அப்ரூவ்டுதானே? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று பையருக்கு எழுதினேன்.

இப்போதுதான் பதில் வந்திருக்கிறது.

நோட்டட்.

நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள். கமெண்டில் நோட்டட் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.