பற்றரி ராசு அண்ணனும் வெளிக்கிட்டுப் போன இலத்திரனும்

பற்றரி ராசு அண்ணன் போய்விட்டாராம்.

காலையில் மாங்கேணியிலிருந்து போன் கோல் வந்தது... மாரடைப்பு என்றார்கள்.

சுனாமியில் பெண்சாதியையும் மகளையும் கொடுத்துவிட்டு, எங்கள் முகாமில் தனியாக இருந்த மனிசன். கடல் தூக்கிப் போட்ட லொறியின் பற்றரியைக் கழற்றிக் கழுவி, சைக்கிளில் கட்டி, வாழைச்சேனைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார். முகாமில் எல்லாருடைய போனும் அதில்தான் உயிரோடு இருந்தது.

பிளஸ் முனைக்கு மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருப்பார். பெயின்ற் அடியுங்களேன் என்றால், சாமி கும்பிட்ட கணக்கிலும் போகட்டும் என்று சிரிப்பார்.

பிறகு வீடு கிடைத்தது. கரண்ட் கிடைக்கவில்லை. ராசு அண்ணனும் பக்கத்திலேயே ஒரு கொட்டில் போட்டுப் பற்றரிக் கடை நடத்தினார்.

அதற்குள் என் தம்பி வன்னியில்... கடைசிச் சண்டை நேரம் அம்மாவோடு போனில் ஒரேயொரு தடவை கதைத்தான். "இந்த நம்பர மட்டும் நிப்பாட்டிராதீங்கம்மா" என்றான். லைன் அறுந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. கோல் வரவில்லை. அம்மா அந்தப் போனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே திரிந்தா. தினமும் ஃபுல் சார்ஜ் இருக்க வேண்டும்.

அந்த வருசம் சரஸ்வதி பூசைக்கு ராசு அண்ணனின் கடையைக் கழுவிக் கொடுக்க அம்மா போனா. குறட்டுக்கு, சைக்கிளுக்கு, மீற்றருக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தா. பற்றரியின் இரண்டு முனைக்கும் பொட்டு!

அடுத்த நாள் ராசு அண்ணன் கண்ணில் பட்ட பொட்டில் சிவப்பு வயரைக் கொழுவினார். அது மைனஸ். எங்கள் போன் எரிந்து மணந்தது.

"இனி என்ட புள்ள எங்க எடுப்பான்..." அம்மா நிலத்தில் இருந்து அழுதா. பிழை தன்னுடையது என்று தெரிந்ததும் இன்னும் கூட அழுதா.

ராசு அண்ணன் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு, அம்மாவின் கையில் வைத்தார். பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, அணுவுக்குள்ள புரோத்தன் எண்டு ஒண்டு வீட்ட விட்டு அசையாம இருக்கும். இலத்திரன்தான் வெளிய திரியும். பற்றரியில ஒரு பக்கத்தால வெளிக்கிட்டா, சுத்திப்போட்டு மற்றப் பக்கத்தால வீட்ட வந்துதான் ஆகணும்."

அம்மா அழுகையை நிறுத்தினா.

எனக்கு அப்போது ஏ/எல் பௌதிகம் படித்த திமிர். அவர் வெளிக்கிட, வேலி வரைக்கும் பின்னால் போய், அது பிழை அண்ணன் என்றேன். இலத்திரன் வயருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும், வெளிக்கிட்ட அதுவேதான் திரும்பி வரும் என்றில்லை என்று பெரிய விளக்கம்.

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"தெரியும் புள்ள. போனது வராது. வேற ஒண்டுதான் வரும். அம்மாட்டச் சொல்லிராத."

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. யாரிடம் போய் எதைச் சொல்லியிருக்கிறேன்...

இப்போது வீட்டில் கரண்ட் இருக்கிறது. போன் நாலு மாறிவிட்டது, நம்பர் அதேதான்.

மத்தியானம் செய்தி சொன்னேன். அம்மா கனநேரம் அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டா.

போயிட்டு வாங்க ராசு அண்ணன்.

போனது வராது என்று மட்டும் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.