பதினொரு மணிச் சோறு

உப்பைக் கையில் அள்ளியதும் சென்னம்மாள் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று கத்தினாலும் சரி, பதில் வராது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கான சாம்பாரில் மூன்று கை உப்பு விழுந்து, கரண்டி இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் வாய் திறக்கும். “உப்புப் போடறப்ப பேசுனா நாக்கு அங்க போயிரும், கை இங்க நின்னுரும்” என்பார். விட்ட பேச்சை அப்புறம் வட்டியோடு பேசிவிடுவார்.

ஏரியூர் பக்கம் எங்கள் நடுநிலைப் பள்ளி. அதன் சத்துணவுக் கூடத்தில் அவர் பத்தொன்பது வருடமாகச் சமையலர். சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. தலை சீவாமல் வரும் பெண்பிள்ளைகள் தட்டை நீட்டுவதற்கு முன் தலையை நீட்ட வேண்டும். “சோத்துல முடி கெடந்தா என்னையத்தான கேப்பாங்க, உங்கம்மாவையா கேப்பாங்க? திரும்புடி.” பிள்ளைகள் ‘ஆயாம்மா’ என்று சிணுங்குவார்கள். சீப்பு இரங்காது.

எல்லோருக்கும் அவரிடம் ஒரு பெயர் உண்டு. பெரிய அண்டா ‘பெரிய வூட்டம்மா’. சோறு போதும் போதும் என்று கையை மறைக்கும் வெண்மதி டீச்சர் ‘அரைக் கரண்டி’. தலைமையாசிரியர் மதியழகன் ‘அப்பளம்’. “நல்ல மனுசந்தான். மேல இருந்து ஒரு போன் வந்தா நொறுங்கிருவாரு.” இந்தப் பெயர் இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியவரும்.

பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உணவை ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முறை. பல பள்ளிகளில் கையெழுத்து மட்டும் நடக்கும். இங்கே நடக்காது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நம் தொண்டையையே பார்த்தபடி நிற்பார். விழுங்கிய பிறகுதான் நோட்டு வெளியே வரும். கையெழுத்து விழாமல் ஒரு கரண்டி சோறுகூடக் கூடத்தைவிட்டு வெளியே போகாது.

அவருக்குச் சமையல் உதவியாளர் லூர்துமேரி. பதினான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருவரும் சண்டை போட்டார்கள். வெங்காயம் பெரிதாக அரிந்ததற்குச் சண்டை, ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்குச் சண்டை. லூர்துமேரி மெதுவாகப் பேசுகிறவர், ஆனால் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. அவர் உரித்த முட்டையில் நகம் பட்ட தடம் இருக்காது. “முட்டையா அது, பளிங்கு” என்று சென்னம்மாள் எங்களிடம் சொல்வார். லூர்துமேரியிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

லூர்துமேரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘அந்தத் தெருப் பொம்பளை’ தொட்ட சோறு வேண்டாம் என்று ஒன்பது பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் இரண்டு பேர் சென்னம்மாளின் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். சென்னம்மாள் யாரிடமும் சமாதானம் பேசவில்லை. லூர்துமேரியின் கையால் ஒரு தட்டு சோறு வாங்கி, பள்ளி கேட்டுக்கு நேரே, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார். தினமும். “மூணு நாளு வீம்பா இருந்தானுங்க. நாலாம் நாளு முட்ட. டப்பாவ மூடிட்டு வந்து வரிசையில நின்னுட்டானுங்க. சாமிக்குப் பயப்படாதவன்கூட முட்டைக்கு வந்துருவான் டீச்சர்.”

போன புதன்கிழமை சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லூர்துமேரி அப்படியே உட்கார்ந்தார். எழவில்லை. நாற்பத்தாறு வயது. தகவல் தெரிந்ததும் சென்னம்மாள் அங்கே ஓடினார். லூர்துமேரியின் கணவர் இன்னாசி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார்: “பள்ளிக்கூடத்துல இருந்து யாராச்சும் வருவாங்களாக்கா?”

“யாராச்சும் என்ன யாராச்சும்? பள்ளிக்கூடமே வரும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சொல்லிவிட்டு வந்ததில்தான் சிக்கல். அடக்கம் மறுநாள் இரண்டு மணிக்கு. லூர்துமேரியின் ஊர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பஸ் பன்னிரண்டு பத்துக்கு ஒன்று, அதை விட்டால் மூன்று மணிக்கு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. சோறு போடாமல் பிள்ளைகளை அனுப்ப முடியாது, சோறு போட்ட பின் கிளம்பினால் மண் மூடியிருக்கும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் பள்ளிக்குள் நுழைந்தபோதே சாம்பார் கொதிக்கிற வாசனை. சென்னம்மாள் விடிவதற்கு முன்பே வந்து, உதவிக்கு ஆள் இல்லாமல், தனியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு முட்டைகளையும் அவரே உரித்திருந்தார். முட்டைகளில் அங்கங்கே பள்ளம். நான் பார்ப்பதைப் பார்த்து, “தெரியுது டீச்சர். அவ கை எனக்கு வராது” என்றார்.

முதல் பாடவேளை முடிந்ததும் தலைமையாசிரியர் அறைக்கு வந்து நின்றார்.

“சார், பதினொண்ணுக்கு சோறு போட்டர்றேன். பன்னெண்டுக்கு வுட்டுருங்க. எல்லாரும் போயிட்டு வந்தர்லாம்.”

மதியழகன் சார் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா சென்னம்மா? காலையில பிரேயர்ல ஒரு நிமிஷம் மௌனம் நின்னோமே. ஸ்கூலுக்கு லீவு வுடறது வேற விசயம். சத்துணவு நம்ம டிபார்ட்மெண்டே இல்ல.”

“டிபார்ட்மெண்ட் வேறயா இருக்கட்டுங்க சார். புள்ளைங்க வேற வாயிலயா தின்னுதுங்க?”

“அதுக்கில்ல. மேல போன் போட்டா ‘எந்த டீச்சர்?’னு கேப்பாங்க. நான் என்னானு சொல்லுவேன்?”

“சமையக்காரம்மானு சொல்லுங்க. நானென்ன பொய்யா சொல்லச் சொல்றேன்?”

சென்னம்மாள் குரலை உயர்த்தவில்லை. “போன வருசம் பிரபாகர் சார் தவறுனப்ப சுத்தியிருக்கற அஞ்சு பள்ளிக்கூடத்தையும் மூடுனீங்க. அவரு இங்க எட்டு மாசம் வேல பாத்தாரு. நல்ல மனுசன், நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ‘சென்னம்மா, பதினோரு மணிக்கெல்லாம் சோறு ரெடியாவணும்’னு சொன்னது யாரு? நீங்கதான. ஆக்குனது யாரு? நானும் அவளுந்தான். நீங்கெல்லாம் வேன்ல போனீங்க. நாங்க அண்டா கழுவிட்டு இருந்தோம்.”

“வேன்ல எடம் இல்ல சென்னம்மா…”

“இன்னைக்கு பஸ்ல எடம் இருக்குதுங்க.”

பக்கத்தில் நின்ற வெண்மதி டீச்சருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். தலைமையாசிரியர் கடைசியாக ஒரு காரணம் தேடினார். திடீரென்று விட்டால் பிள்ளைகளைக் காணோம் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்களே?

“வூட்டுக்காரரு காலையில பால் ஊத்தப் போனப்பவே எல்லா வூட்டுக்கும் சொல்லிட்டாருங்க. அர நாளு கொறையுதுன்னா சனிக்கெழம வைங்க. நான் வந்து ஆக்கிப் போடறேன்.”

“யோசிக்கிறேன்” என்றார். சென்னம்மாள் போய்விட்டார்.

பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தார். கையில் தட்டு. சோறு, சாம்பார், ஒரு முட்டை. மேசைமேல் வைத்தார். நோட்டு கக்கத்தில் இருந்தது.

“ருசி பாருங்க சார்.”

“மணி பத்தே முக்கால்தான ஆவுது.”

“சோறு வெந்துருச்சுங்க.”

அறையில் இருந்த எல்லோருக்கும் அது என்ன தட்டு என்று தெரியும். அவர் ஒரு வாய் எடுத்தால் பந்தி தொடங்கிவிடும். பந்தி தொடங்கினால் பதினொன்றரைக்குப் பிள்ளைகள் கை கழுவிவிடுவார்கள். அதன் பிறகு பள்ளியை மூடாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் மிஞ்சாது. மின்விசிறி சுற்றியது. அவர் தட்டைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

வெண்மதி டீச்சர் எட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அரைக் கரண்டி என்று பெயர் வாங்கியவர், நின்றபடியே சாம்பாரைப் பிசைந்து ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சென்னம்மாள் அவர் தொண்டையைப் பார்த்தார். விழுங்கியதும் நோட்டை விரித்தார்.

“உப்பு?” என்று கேட்டார்.

“சரியா இருக்குதுக்கா” என்றார் டீச்சர்.

கையெழுத்து விழுந்தது. தலைமையாசிரியர் தடுக்கவில்லை. “நேரத்தையும் எழுதிருங்க வெண்மதி. பத்து அம்பது” என்றார். ஏதாவது கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளி விட்டது. ஆசிரியர்களும் சென்னம்மாளுமாக ஏழு பேர் பஸ் ஏறினோம். சென்னம்மாள் முழுக்கைச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழி நெடுக மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைமையாசிரியர் ஏரியூரில் மாலை வாங்கிக்கொண்டு பைக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார்.

வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள். எங்களைப் பார்த்ததும் இன்னாசி எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர்களிடம் “பள்ளிக்கூடம் வந்துருக்குது, எடம் வுடுங்க” என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. வழி நேரே பெட்டிவரை போனது. மூன்று தெருக்களின் ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியழகன் சார் மாலையோடு சாமியானாவின் விளிம்பில் நின்றுவிட்டார். போன வருடம் பிரபாகர் சாருக்கு அவர்தான் முதல் ஆளாகக் குனிந்து மாலை போட்டார். இப்போது செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுபோல் ஒரு காலை எடுத்து மறுபடி வைத்தார். பிறகு மாலையைச் சென்னம்மாள் பக்கம் நீட்டினார்.

“நீங்களே போட்டுருங்க சென்னம்மா. உங்க ஆளு.”

சென்னம்மாள் மாலையைப் பார்த்தார். சார் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டு, சார் பெட்டிவரை நடப்பதற்கு இடம் விட்டு, ஓர் அடி தள்ளி நின்றார்.