மாதா மறைத்த விலா எலும்பு

பொலிவியாவின் ஒரூரோ நகர மருத்துவமனையில் இருபது வருடமாக எக்ஸ்ரே எடுக்கும் எதுவிகெஸ், மாதாவோடு மல்லுக்கு நின்றது ஒரே ஒரு முறைதான். திருவிழாவுக்கான சாத்தான் நடன ஒத்திகையில் விழுந்து அடிபட்டு வந்த சுரங்கத் தொழிலாளி நெமேசியோ, மார்பில் தொங்கிய, மாதா உருவம் பொறித்த வெள்ளிப் பதக்கத்தைக் கழற்ற மாட்டேன் என்றார். சரியென்று அப்படியே எடுத்தாள். சதை கறுப்பாகவும் எலும்பு வெளுப்பாகவும் விழுந்த படத்தில், பதக்கம் மட்டும் பளீரென்று தெரிந்தது.

“பாத்தீங்களா, மாதா எனக்குக் காவல் நிக்கிறா!”

“நல்ல காவல்! கதிரு உங்க சதைக்குள்ள சுளுவா பூந்து வந்துடுது. எலும்புல பாதி நின்னுடுது. வெள்ளியத் தாண்ட மாட்டேங்குது. பின்னால ஒடஞ்சிருக்கான்னு நான் எப்படிப் பாக்குறது, நெமேசியோ ஐயா?”

முனகிக்கொண்டே கழற்றினார். அடுத்த படத்தில், பதக்கம் மறைத்த இடத்திலேயே விலா எலும்பில் விரிசல் இருந்தது.

மருந்துச் சீட்டோடு கிளம்பியவர், வீட்டில் சட்டம் போட்டு மாட்ட முதல் படத்தைக் கேட்டார். கொடுக்கக் கூடாதுதான். எதுவிகெஸ் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.