தாள் புரட்டிய கை

இதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சர்ச் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது. நம்ப முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கே சில நாட்களில் நம்ப முடிவதில்லை.

அப்பா சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். வார நாட்களில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். நின்றாலும் நடந்தாலும் விரலால் தட்டி எண்ணிக்கொண்டே இருப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஒண்ணு ரெண்டு சார்'. பல் தேய்க்கும்போதுகூட எண்ணுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அப்பாவின் பழைய மாணவர். "எனக்குச் சுருதியே சேராதும்மா. முன்னாடி இருந்த வாத்தியார் வாயை மட்டும் அசைடான்னு சொல்லிட்டாரு. சார்தான், 'நீ சத்தமா பாடுடா, மத்தவங்க உன் சுருதிக்கு வரட்டும்'னாரு," என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

தன் அடக்க ஆராதனைக்கு அப்பா தானே ஓர் இசை எழுதி, தாள்களை நூலால் தைத்து வைத்திருந்தார். "நீதான் வாசிக்கணும் பாப்பா. செத்ததுக்கு அப்புறமாவது நான் தப்பு சுரம் கேக்காம இருக்கணும்," என்பார். அவரிடம் கற்றிருந்தேனே தவிர, நாலு பேர் முன்னால் நான் வாசித்ததே இல்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டுவதோடு சரி. இப்போது எனக்குப் புரட்ட ஆள் வேண்டும்.

"நீ மேல போக்கா. பின்னாடியே வரேன்," என்றான் தம்பி.

ஆர்கன் பின்பக்க மாடத்தில் இருந்தது. பூனை ஏறினாலும் கிறீச்சிடும் மரப்படி. வாசிப்பவர் பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பதால் எதிரே ஒரு கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதில் சவப்பெட்டி தெரிந்தது. பெட்டிக்குள் அப்பாவின் கறுப்புக் கோட்டு தெரிந்தது. பாதிரியார் தலையசைத்தார். தம்பி இன்னும் வரவில்லை.

ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கையும் கட்டைகளில். இரண்டு காலும் மிதிகளில். முதல் பக்கம் முடியப் போகிறது. இங்கே நின்றுபோனால் அப்பாவின் கடைசி இசை பாதியில் அறுந்துவிடும்...

சரக்.

தாள் புரண்டது.

தம்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். சுரங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது... படி சத்தம் கேட்கவே இல்லையே?

சரக்.

இரண்டாவது தாள். புரட்டிய கையின் சட்டை விளிம்பு வெளிர்நீலமாக இருந்தது. தம்பி கறுப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?

மூன்றாவது முறை புறங்கையும் தெரிந்தது. அதில் பிளாஸ்திரி. ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு. இவனுக்கு எப்போது அடிபட்டது?

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயமும் வரவில்லை. விரல்கள் அவை பாட்டுக்கு ஓடின.

நான்காவது முறை இரண்டு தாள்கள் சேர்ந்தே புரண்டன. கை தயங்கியது. திரும்பி வந்தது. கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பிரித்தது. அதுவரை ஒரே சுரத்தை அழுத்தியபடி காத்திருந்தேன்.

கண்ணாடியைப் பார்த்தேன்.

நான் மட்டும்தான் இருந்தேன்.

சரக்...

கடைசித் தாள்.

வாசித்து முடித்துக் கீழே இறங்கினேன். முன்வரிசையில் அம்மா தம்பியின் தோளில் சாய்ந்து கிடந்தாள்.

"அம்மா மயங்கிட்டாங்கக்கா. நகரவே முடியல. தனியா எப்படிச் சமாளிச்ச?"

அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

மறுவாரம், அப்பா இறந்த ஆஸ்பத்திரியில் விட்டுப்போயிருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிவரப் போனேன். வார்டில் நோயாளிகள் எல்லோரும் வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தார்கள். நடந்ததை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கடைசி நேரத்தில் அவருடன் இருந்த நர்ஸ் தானாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"கடைசியில அப்பா ரொம்பக் கஷ்டப்படலம்மா. ஊசி ஏத்துன கைய மட்டும் காத்துல தூக்கித் தூக்கி, எதையோ புரட்டிக்கிட்டே இருந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"ஒரே ஒரு தடவ. பக்கத்துல குனிஞ்சு கேட்டேன். 'ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு... அந்தச் சுரத்தை அப்படியே பிடிச்சிரு பாப்பா, பிரிச்சிடறேன்'னாரு."

அவர் அதைச் சொன்னபோது, அடக்க ஆராதனைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.