பதினாலரை அங்குலம்

குணபாலன் தண்ணீர்க் குடத்துக்குத் தாள் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் பசை தடவி ஒட்டி, குடத்தை மடியில் கிடத்தி, மெதுவாக உருட்டிப் பார்க்கிறார். தாளில் அரை வட்டங்களும் சாய்ந்த பட்டைகளும். குடம் ஒரு சுற்று வருவதற்குள் ஏதாவது ஒரு பட்டை துருத்திக்கொண்டு நின்றால் "ச்சு" என்று தாளைக் கிழித்து எறிகிறார்; அடுத்த தாளை எடுக்கிறார். கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி அவர் மனைவி அனந்தமதி நிற்கிறாள்.

"இன்னாங்க, எனக்குக் கொடம் வேணும்."

"அஞ்சு நிமிசம்."

"உங்க அஞ்சு நிமிசத்துல நான் கெணத்தையே எறச்சிடுவேன்."

அது அவர் காதில் விழாது. குடம் மட்டுமல்ல, பூசணிக்காய், அம்மிக் குழவி, ஒரு முறை கூடத்துத் தூண் என்று அந்த வீட்டில் தாள் சுற்றிக்கொள்ளாத சாமான் குறைவு. துணியில் அச்சடிக்கும் டிசைனை மேஜைமேல் விரித்துப் போட்டு வரைகிறவர்கள் உண்டு. டிராயிங் மாஸ்டர் குணபாலனுக்கு அது முறையாகப் படவில்லை. "துணி தட்டன்னு எவன் சொன்னான்? கடை அலமாரில இருக்கிற வரைக்கும்தான் தட்ட. ஒருத்தி எடுத்துக் கட்டிட்டா அது உருண்டை" என்பார்.

உருண்டைதான் அவர் படித்த படிப்பு. பட்டணத்தில் ஆறு வருஷம் சிற்பம் கற்றுவிட்டு, செஞ்சி உயர்நிலைப் பள்ளிக்கு டிராயிங் மாஸ்டராக வந்தவர். வகுப்பில் மாங்காய் வரையச் சொன்னால் முதலில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வார். "தடவு. நல்லா தடவு. கைக்குத் தெரிஞ்சப்புறம் கண்ணுக்குக் காட்டு." அவர் கையும் சும்மா இருப்பதில்லை. சந்தையில் சுரைக்காயைத் தடவுவார்; கோட்டைக்குப் போனால் பாறையைத் தடவுவார்; தெருவோரம் படுத்திருக்கும் மாட்டின் திமிலைத் தடவுவார். தலைமையாசிரியரின் வழுக்கையை மட்டும் உத்தியோகம் கருதி விட்டுவைத்திருக்கிறார்.

சிற்பம் படித்த பிள்ளை ஊருக்கு வந்தால் ஒரு தீர்த்தங்கரரையாவது செய்து தருவான் என்று சித்தாமூரில் சொந்தபந்தம் காத்திருந்தது. மாஸ்டர் ஒரு கருங்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுப் பின்கட்டில் இறக்கினார். வண்டிக்காரர் தாண்டவராயனுக்கு ஆவல் தாங்கவில்லை.

"இன்னா சாமி செய்யப் போறீங்க மாஸ்டர்?"

"சாமி இல்ல."

"அப்ப யானையா?"

"யானையும் இல்ல. கல்லுதான்."

"கல்லு ஏற்கெனவே கல்லாத்தான இருக்குது?"

மாஸ்டர் உளியை எடுத்தார். மூன்று மாதம் கொத்தி, ஒரு பக்கத்தைச் சமமாகவும் மறு பக்கத்தை வளைவாகவும் ஆக்கி, நடுவில் வட்டமாக ஒரு துளை போட்டார். அந்தத் துளையில் அனந்தமதி கொடிக்கயிற்றைக் கட்டினாள். அடுத்த கல்லின் சரிவில் மிளகாய் காய்ந்தது. "ஏதோ ஒண்ணுக்காவது ஒதவுதே" என்றாள், நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்பில்லாதவள் இல்லை. ஆனால் அவர் செய்த ஒன்றைப் பார்த்து, 'அட, நல்லா இருக்குதே' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மாஸ்டருக்கு வேறு குறை கிடையாது. இந்த ஒன்று மட்டும் உள்ளுக்குள் முள்ளாக இருந்தது.

குடம் சுற்றுவதற்குக் காரணம் ரங்கநாதன். பட்டணத்தில் கூடப் படித்தவர். துணிக்கு அச்சடிக்கும் ஓர் அலுவலகத்தில் டிசைன் பார்க்கிற உத்தியோகம். "நீ கல்லில் செய்வதைத் துணியில் செய்து அனுப்பேன்" என்று ஒரு கார்டு போட்டார். முதல் டிசைன் போன வேகத்தில் திரும்பி வந்தது. பூ இல்லை, மாங்காய் இல்லை, இதை யார் கட்டுவார்கள் என்றார்களாம். இரண்டாவதும் வந்தது. இரண்டு தடவையும் அனந்தமதி மோர் கொண்டுவந்து கொடுத்து, "பரவால்ல வுடுங்க" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் அவரை அதிகமாகச் சுட்டது. மூன்றாவதை அனுப்பும்போது வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த மூன்றாவதற்காகப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, ஆறு கஜ நீளத்துக்கு ஒரு காகிதப் புடவை செய்தார். எதற்கென்று சொல்லாமல் மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, இதுக்குக் கொசுவம் வையி பாக்கலாம்."

"பேப்பருக்கா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

சிரித்துக்கொண்டே வைத்தாள். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை கை விரியும், மடிக்கும், மறுபடி விரியும். கொசுவம் வைக்கும்போது கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் கைதான் பார்த்துக்கொள்கிறது என்பதை மாஸ்டர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படி வைக்கச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பையும் பென்சிலால் குறித்தார். மூன்று முறையும் அவள் கையின் விரிப்பு ஏழே கால் அங்குலம், நூல் பிசகவில்லை. மடிப்பு போய்த் திரும்பி வரப் பதினாலரை. அந்தப் பதினாலரை அங்குலத்துக்கு ஒரு தடவை அதே உருவம் திரும்ப வரும்படி டிசைனை வரைந்தார். விரித்துப் பார்த்தால் அரை வட்டங்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். அந்தக் கை கொசுவம் வைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அதே அரை வட்டம் அதே இடத்தில் வந்து உட்காரும்.

ரங்கநாதனுக்கு டிசைன் பிடித்துவிட்டது. அளவுதான் பிடிக்கவில்லை. "பதினெட்டு அங்குலமாக மாற்று. ஆறு கஜத்துக்குப் பன்னிரண்டு தடவை கச்சிதமாக அச்சுப் பதியும்" என்று எழுதினார். மாஸ்டர் முடியாது என்றார். "சரி, பதினாலாகவாவது வை. அரை அங்குலத்தில் என்ன குடி முழுகிவிடும்?" என்று அடுத்த கார்டு. "முதல் மடிப்பில் அரை அங்குலம் நழுவும். ஆறாவது மடிப்பில் மூன்று அங்குலம். குடி முழுகத்தான் செய்யும்" என்று பதில் போனது. பதினாலரை வைத்தால் கடைசியில் பதின்மூன்று அங்குலம் வெறுமனே நிற்குமே என்றதற்கு, "நிற்கட்டும், முந்தானை கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று எழுதினார். நாலு மாதம் இப்படிக் கார்டிலேயே சண்டை. அது யார் கையின் அளவு என்பதை மட்டும் எழுதவில்லை. கடைசியில் ரங்கநாதன் அரை அங்குலத்தை விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கறுப்பைக் கருநீலமாக மாற்றிக்கொண்டார். நல்ல நாளுக்குக் கறுப்பு எடுக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

புரட்டாசிக் கடைசியில் அந்தப் புடவை செஞ்சிக்கே வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் ஸ்ரீபால் ஜவுளிக்கடை. மீட்டர் வந்து நாலைந்து வருஷமாகியும் கஜக்கோலை விடாத கடை. சாம்பல் நிறத்தில் கருநீல அரை வட்டமும் காவிப் பட்டையுமாக ஆறு புடவைகள் மூன்றாம் தட்டில் இருந்தன. மாஸ்டர் சாயங்காலம்தோறும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வந்தார்.

"யாரோ கல்லு கொத்துற ஆளு போட்ட டிசைனாம் மாஸ்டர். துணியிலயும் கொத்தி வச்சிருக்கான்" என்றார் ஸ்ரீபால்.

"அப்படியா" என்று கேட்டுக்கொண்டார் மாஸ்டர்.

ஐப்பசியில் ஒன்று போயிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா எடுத்திருந்தார். அவர் அதைக் கட்டிக்கொண்டு போனபோது மாஸ்டர் பின்னாலேயே ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டார். நர்ஸம்மா திரும்பி, "யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்றார். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லித் திரும்பினார். நர்ஸம்மாவுக்குச் சின்னக் கை. அரை வட்டங்கள் மடிப்புக்கு மடிப்பு நழுவி இருந்தன.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அனந்தமதி மறுநாளே எடுத்துக் கட்டிக்கொள்வாள். "பரவால்ல, நல்லாத்தான் இருக்குது" என்பாள். அது அவருக்கு வேண்டாம். யார் செய்தது என்று தெரியாமலே அவள் அதை ஆசைப்பட்டு எடுக்க வேண்டும். அதற்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. புழுவைக் கொன்று எடுத்த நூல் வேண்டாம் என்று கல்யாணத்துக்குக்கூடப் பட்டு உடுத்தாதவள் அவள். தீபாவளிக்கு ஒரு நல்ல நூல்புடவை எடுப்பாள், அவ்வளவுதான். பதினோரு வருஷமும் அரக்கு, விட்டால் மயில்கழுத்துப் பச்சை. தீபாவளி கழிந்தால் விற்காத சரக்கை ஸ்ரீபால் பட்டணத்துக்கே திருப்பிக் கட்டிவிடுவார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் கடைக்குப் போனார்கள். நேரம் குறைவு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு அது. சூரியன் அஸ்தமிக்கும்வரை சாப்பிடலாம் என்பது வழக்கம்; ஆனால் செஞ்சிக்கு மேற்கே ராஜகிரி நின்றுகொண்டு, முன்னதாகவே சூரியனை வாங்கி வைத்துக்கொள்கிறது. மலை மறைத்தாலே அஸ்தமனம் என்பது அனந்தமதியின் கட்சி. "மலைக்குப் பின்னால வெளிச்சம் இருக்குதே" என்று மாஸ்டர் வாதாடிப் பார்த்திருக்கிறார். "அப்ப பின்னால போய் சாப்டுங்க" என்பாள். பதினோரு வருஷத்தில் மலை அவளை ஒரு நாள்கூட முந்தியதில்லை.

"சீக்கிரம் ஸ்ரீபாலு, பொழுது போவுது" என்றாள் அனந்தமதி.

"அக்காவுக்கு இன்னா, அரக்குதான?" என்று ஸ்ரீபால் முதலில் அரக்கை விரித்தார். பிறகு பச்சையை. பிறகு, போனால் போகிறதென்று அந்தச் சாம்பலையும் எடுத்துப் போட்டார். மாஸ்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தெருவை வேடிக்கை பார்க்கிறவர் போல நின்றார்.

"இது இன்னா, பூ ஒண்ணையும் காணோம்?"

"புது மாடலுக்கா. பட்டணத்துல இப்ப இதான். கட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்ற ஸ்ரீபால், தானே கொசுவம் வைத்துத் தன் இடுப்பில் பிடித்துக் காட்டினார். வாட்டசாட்டமான ஆள், கையும் அகலம். ஆறு மடிப்பில் ஆறு அரை வட்டமும் ஆறு இடத்திலிருந்து எட்டிப் பார்த்தன.

"கோணலா இருக்குதே."

"கோணல்தாங்க்கா டிசைனே."

"வோணாம் வுடு. அரக்க எடு."

மாஸ்டரின் கை தானாக மேலே எழுந்தது. 'அப்படி இல்லை, கையை மாற்று' என்று தொண்டைவரை வந்துவிட்டது. எப்படி அடக்கினாரோ தெரியாது. கடைத் தூணைப் பிடித்துத் தடவிக்கொண்டு நின்றார். அரை அங்குலத்துக்கு நாலு மாதம் மல்லுக்கு நின்ற மனிதர், இப்போது ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் நின்றார்.

ஸ்ரீபால் அரக்கை மடிக்கத் திரும்பினார். அவர் இடுப்பிலிருந்து விட்ட சாம்பல் புடவை பாயில் குவிந்து கிடந்தது. குவிந்து கிடக்கும் துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அனந்தமதியால் முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் கொடியில் கிடப்பதை மடித்து வைத்துவிட்டுத்தான் வருவாள். ஸ்ரீபாலிடம் சாயம் நிற்குமா என்று கேட்டபடியே அதை எடுத்தாள். கை தன் பாட்டுக்கு விரிந்தது, மடித்தது, விரிந்தது. ஆறாவது மடிப்பை விரலில் சேர்த்துவிட்டுக் குனிந்தவள், பேச்சை நிறுத்தினாள்.

அரை வட்டங்கள் ஒன்றின் பின் ஒன்றாக, கழுவி அடுக்கிய தட்டுகள் மாதிரி நின்றன. காவிப் பட்டைகள் எல்லாம் ஒரே சாய்வில் சேர்ந்திருந்தன.

"அட" என்றாள்.

உதறினாள். முதலிலிருந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே வந்து நின்றன. ஸ்ரீபாலின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். புடவையைப் பாயில் நீட்டி விரித்து, ஓர் அரை வட்டத்தின் நுனியில் கட்டை விரலை ஊன்றி ஒரு சாண் போட்டாள். இன்னொரு சாண் போட்டாள். சுண்டு விரல் போய் விழுந்த இடத்தில் அதே அரை வட்டம், அதே நுனி.

கடைப்படியில் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து, படியிறங்கி, காணாமல் போயிற்று.

"பொழுது போவுது" என்றார் மாஸ்டர், தெருவைப் பார்த்தபடி.

"போவட்டும்" என்றாள் அனந்தமதி.

ஸ்ரீபால் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை.

"இதக் கட்டு ஸ்ரீபாலு. அரக்கு உள்ளயே இருக்கட்டும்."

அவர்கள் கடையை விட்டு இறங்கும்போது ராஜகிரி உச்சிக்குப் பின்னால் மட்டும் வானம் சிவந்திருந்தது. இனி காலையில்தான் சாப்பாடு. மாஸ்டர் வழக்கம்போல் இரண்டடி முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் காகிதப் பொட்டலம் சரசரப்பது கேட்டது. சத்தம் நெருங்கிப் பக்கத்தில் வந்தது. அனந்தமதி பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைத்தெரு என்றும் பாராமல், வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டினாள்.